முதல் ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர்: 500 வெள்ளி, வீவக வீட்டுச் சின்ன அறை, கூடவே ஒரு மிருதங்கம். எதை வாங்கலாம்?

பொங்கோல்பாடகி (செவ்வாய், இரவு 9.12)

எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் கடைசி வருடம் படிக்கிறேன். நண்பர்கள் மூவர் சேர்ந்து வீட்டிலேயே பாட்டு பதிவு செய்கிறோம். நான் குரல், ஒருத்தி கீபோர்டு, ஒருவன் மிருதங்கம். மைக்கைக் கணினியோடு இணைக்கிற ஃபோகஸ்ரைட் 2ஐ2 இன்டர்ஃபேஸும் ஒரு கண்டென்சர் மைக்கும் இருக்கின்றன. ஸ்பீக்கர்தான் சொந்தமாக இல்லை. தெரிந்த அண்ணன் ஒருவர் தன்னுடைய ஐந்து அங்குல மானிட்டர் ஜோடியைக் கடனாகக் கொடுத்திருக்கிறார், மாதக் கடைசியில் திருப்பித் தரவேண்டும்.

பிரச்சினை இதுதான். அந்த ஸ்பீக்கரில் மிக்ஸ் பண்ணும்போது (தனித்தனிப் பதிவுகளை அளவு பார்த்துச் சேர்க்கும்போது) மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம், மெலிசாகக் கேட்கிறது. சரி என்று ஏற்றுகிறேன். அப்புறம் அதையே அப்பா காரில் போட்டால் மிருதங்கம் முழங்கி என் குரலையே விழுங்கிவிடுகிறது. "ஸ்பீக்கருக்கு பேஸ் பத்தலை, பெரிசா வாங்கு" என்கிறார்கள் கூட இருப்பவர்கள்.

ஜோடிக்கு 500 வெள்ளிதான் முடியும். பார்த்து வைத்திருப்பவை யமஹா எச்எஸ்5, ஜேபிஎல் 305பி மார்க் 2, கேஆர்கே ராக்கிட் 5, எடிஃபையர் எம்ஆர்4, பிரிசோனஸ் எரிஸ் 3.5. நாலறை வீவக வீட்டில் (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) சின்ன படுக்கையறை, 3.2க்கு 2.8 மீட்டர், கூரை 2.6. மேசை ஜன்னல் சுவரை ஒட்டி, பின்னால் கட்டில். எது நல்லது?

பேரம்பேசி (செவ்வாய், இரவு 9.30)

முதலில் ஒன்று. எச்எஸ்5, 305பி, ராக்கிட் எல்லாம் ஒற்றையாகத்தான் விற்கிறார்கள். கடைப் பக்கத்தில் காட்டும் விலை பெரும்பாலும் ஒன்றுக்கு. அதை ஜோடி விலை என்று நினைத்துக் கணக்குப் போட்டிருந்தால் உங்கள் 500 அங்கேயே காலி. எம்ஆர்4, எரிஸ் 3.5 இரண்டும் ஜோடியாக வரும், ஒன்றுக்குள் ஆம்ப் இருக்கும், மற்றது அதிலிருந்து வயர் வாங்கும்.

பழைய சாமான் விற்கிற காரோசெல் தளத்தில் பாருங்கள். தேசிய சேவைக்குப் போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள், ஆர்வத்தில் வாங்கி மூன்று மாதத்தில் விட்டவர்கள் என்று ஐந்து அங்குல மானிட்டர் வந்துகொண்டே இருக்கும்.

லேட்நைட்மிக்ஸ் (செவ்வாய், இரவு 10.05)

ஸ்பீக்கரே வேண்டாம். வீவகவில் இரவு 10.30க்கு மேல் அமைதி நேரம். படிக்கிற பிள்ளைக்கு மிக்ஸ் பண்ண நேரம் கிடைப்பதே அதற்கு மேல்தான். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்குங்கள், பேயர்டைனமிக் டிடி 990 அல்லது ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ். அறை என்ற தொல்லையே இல்லை. மிச்சக் காசுக்கு நல்ல மைக் வாங்கலாம்.

தொப்பிக்காரன் (செவ்வாய், இரவு 10.41)

ஹெட்ஃபோன் மட்டும் போதும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் மிருதங்கம் வாசிப்பவன். ஹெட்ஃபோனில் இடது காதுக்கு இடது சேனல் மட்டும்தான் போகும். ஸ்பீக்கரில் இரண்டு சேனலும் இரண்டு காதுக்கும் வரும். வலந்தலை (மிருதங்கத்தின் வலப்பக்கம்) ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டால், மண்டைக்குள் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து வாசிப்பது மாதிரி இருக்கும். தம்புரா, ரிவெர்ப் (எதிரொலி) அளவும் அப்படித்தான், ஹெட்ஃபோனில் சரியாகப் பட்டது ஸ்பீக்கரில் காணாமல் போகும்.

தங்கச்சி, எந்த ஸ்ருதியில் பாடுகிறீர்கள்? உங்களுக்கு ஐந்து கட்டை (உயர்ந்த ஸ்ருதி) என்றால் மிருதங்கமும் மேல் ஸ்ருதி வாத்தியம், தொப்பி அவ்வளவு ஆழம் போகாதே.

பொங்கோல்பாடகி (செவ்வாய், இரவு 10.50)

மிருதங்கம் வாசிக்கிற நண்பனே சில பாட்டு பாடுகிறான் அண்ணா. அவனுக்கு ஒரு கட்டை, தாழ்ந்த ஸ்ருதி. முழங்குவது அந்தப் பாட்டுகளில்தான்! என் பாட்டுகளில் அவ்வளவு இல்லை. இப்போதுதான் யோசிக்கிறேன்.

தெம்பனிஸ்தம்பி (செவ்வாய், இரவு 11.02)

நானும் இதையேதான் தேடுகிறேன். ஃபாலோ.

சவுண்ட்செல்வி (புதன், காலை 7.20)

நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பது என் வேலை. இந்த இழையில் ஸ்பீக்கர் பெயர் நிறைய வந்துவிட்டது, அறையைப் பற்றி யாரும் பேசவில்லை. பாடகி அளவு கொடுத்திருக்கிறாள், அதற்கே அவளைப் பாராட்டவேண்டும். வழக்கமாக யாரும் கொடுக்கமாட்டார்கள்.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. எதிரெதிராக இரண்டு கான்கிரீட் பரப்பு இருந்தால், அவற்றின் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு அலைநீளம் உள்ள ஒலி அடங்காமல் அங்கேயே நின்று முழங்கும். 343ஐ இடைவெளியின் இரட்டிப்பால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். 3.2 மீட்டர் நீளத்துக்கு 54 ஹெர்ட்ஸ். 2.8 அகலத்துக்கு 61. கூரை 2.6க்கு 66. மூன்றும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். வீவகச் சின்ன அறைகள் கிட்டத்தட்ட கனசதுரம், அதனால்தான் இந்தத் தொல்லை.

இப்போது மிருதங்கத்துக்கு வருவோம். ஒரு கட்டை ஷட்ஜம் (ஸ) 130 ஹெர்ட்ஸ் சுமார். தொப்பி அதற்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே, அதாவது 65 பக்கம். உங்கள் கூரை 66. நண்பனின் பாட்டில் மட்டும் ஏன் கோளாறு என்று புரிகிறதா?

அடுத்ததுதான் முக்கியம். இப்படி நிற்கும் ஒலி சுவரை ஒட்டிப் பலமாகவும் நட்ட நடுவில் மெலிந்தும் இருக்கும். 2.6 மீட்டரில் நடு 1.3. நாற்காலியில் உட்கார்ந்தால் காது எங்கே இருக்கும்? 1.2 பக்கம். தொப்பி அடங்கிப்போகிற உயரத்திலேயே உட்கார்ந்துகொண்டு, தொப்பி பத்தவில்லை என்று ஏற்றுகிறாய். அந்த மெலிவு உன் அறையில்தான் இருக்கிறது, காருக்கு அது தெரியாது. அங்கே நீ ஏற்றியது அப்படியே வருகிறது. இதற்கு எட்டு அங்குலம் வாங்கினாலும் இதே கதைதான்.

நம்பவேண்டாம், சோதித்துப் பார். டிஏடபிள்யூவில் (பதிவு மென்பொருளில்) 65 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றைப் போடு, மெதுவாக. வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கேள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து கேள். எழுந்து மூலைக்குப் போ. வித்தியாசத்தை எழுது. கூடவே, ஜன்னல் சுவரிலிருந்து உன் காது எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்.

பழையஹைஃபை (புதன், மதியம் 12.45)

இவ்வளவு கணக்கா? யமஹா என்எஸ்-10 தெரியுமா? 1978இல் வீட்டுக்கு என்று வந்த ஸ்பீக்கர் அது. வீடுகளில் எடுபடவில்லை, உலகத்து ஸ்டூடியோ முழுக்க உட்கார்ந்துகொண்டது. 2001இல்தான் உற்பத்தியை நிறுத்தினார்கள். "ஸ்டூடியோ மானிட்டர்" என்பதெல்லாம் லேபிள். வீட்டில் ஹைஃபை செட் இருந்தால் அதையே வைத்துப் பழகட்டும்.

சவுண்ட்செல்வி (புதன், மதியம் 1.10)

சார், என்எஸ்-10ஐ ஸ்டூடியோக்கள் வைத்துக்கொண்டது அது இனிமையாக இருந்ததால் இல்லை. மூடிய பெட்டி, பேஸ் கம்மி, மிட் (நடு ஸ்தாயி) முகத்தில் அடிக்கும். குரலில் ஒரு கோணல் இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இப்போதைய வீட்டு செட்டுகள் நேர் எதிர், பேஸையும் மேல் ஸ்தாயியையும் தூக்கி, எதைப் போட்டாலும் அழகாகக் காட்டுவதற்கென்றே செய்தவை. பழகிய ஸ்பீக்கரே நல்ல ஸ்பீக்கர் என்ற அளவில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இவளிடம் ஹைஃபை செட்டும் இல்லையே.

ஈசூன்ராப் (புதன், மாலை 6.30)

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். பாம் ஷெல்டர் அறையில் (வீட்டுக்குள் இருக்கும் கான்கிரீட் பாதுகாப்பு அறை) மிக்ஸ் பண்ணினால் என்ன? சுவர் கெட்டி, இரும்புக் கதவு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. நான் அங்கேதான் ராப் பதிவு செய்கிறேன்.

சவுண்ட்செல்வி (புதன், இரவு 7.05)

பதிவு வேறு, மிக்ஸ் வேறு தம்பி. ஷெல்டர் இன்னும் சின்னது, எல்லாப் பக்கமும் கான்கிரீட். அப்படி நிற்கிற அதிர்வெண்கள் பல 100க்கும் மேலே ஏறி ஆண் குரலுக்குள்ளேயே வந்து உட்காரும், அதனால்தான் அங்கே பதிவு செய்த குரல் பெட்டிக்குள் பேசுவது போல வருகிறது. மெத்தை, துணி என்று அடைத்தால் குரல் பதிவுக்கு ஓரளவு ஓடும். அங்கே ஸ்பீக்கர் வைத்து மிக்ஸ் செய்வது வீண். சுவரில் துளை போடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு, ஷெல்டர் சட்டம் 1997இலிருந்தே இருக்கிறது. பேனல் மாட்டுகிறேன் என்று எதையும் குடைந்துவிடாதே. காற்றோட்டமும் குறைவு, கதவைச் சாத்திக்கொண்டு நீண்ட நேரம் உட்காரவும் கூடாது.

ஈசூன்ராப் (புதன், இரவு 7.11)

ஓ, அந்தப் பெட்டிச் சத்தத்துக்கு இதுதான் காரணமா. என் வொர்க்ஃப்ளோவே அதுதான் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் அக்கா.

பொங்கோல்பாடகி (வியாழன், இரவு 8.48)

செல்வி அக்கா, சோதித்தேன். நாற்காலியில் 65 ஹெர்ட்ஸ் "இருக்கிறதா இல்லையா" என்ற அளவில்தான் கேட்டது. தரையில் உட்கார்ந்தால் நன்றாகக் கூடியது. கட்டில் பக்கத்து மூலையில் அலமாரிக் கதவே அதிர்ந்தது, அம்மா வந்து என்ன என்று கேட்டுவிட்டார். காது ஜன்னல் சுவரிலிருந்து 1.6 மீட்டர். ஸ்பீக்கர் இரண்டும் மேசை விளிம்பில் இருப்பதால் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்காருகிறேன்.

சவுண்ட்செல்வி (வியாழன், இரவு 9.30)

3.2இல் 1.6. நீளத்திலும் நட்ட நடு. ஆக 54உம் போச்சு, 66உம் போச்சு. உன் காதுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ள தொப்பிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

மாற்றவேண்டியதைச் சொல்கிறேன். முன் சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் பக்கம் காது இருக்கட்டும், உனக்கு 1.2 மீட்டர். இது தொடங்குகிற இடம்தான், அங்கிருந்து முன்னே பின்னே நகர்ந்து கேட்டுப் பார். ஸ்பீக்கர்களைச் சுவர்ப் பக்கம் தள்ளு, ட்வீட்டர் (மேல் ஸ்தாயிக்கான சின்னக் கூம்பு) காது உயரத்தில், இரண்டு ஸ்பீக்கரும் உன் தலையும் சமபக்க முக்கோணம். சுவரை நெருங்கினால் பேஸ் கூடும், அதற்குத்தான் பின்னால் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். எச்எஸ்5இல் ரூம் கன்ட்ரோல் என்று இருக்கும், 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபெல் குறைக்கலாம். 305பியிலும் அதே வேலைக்கு பவுண்டரி ஈக்யூ உண்டு. மேசைமேல் நேராக வைக்காமல் அடியில் கெட்டியான ஃபோம் அல்லது யோகா கட்டை ஏதாவது கொடு, இல்லாவிட்டால் மேசையும் சேர்ந்து பாடும்.

உயரத்தை மாற்ற முடியாது. தரையில் உட்கார்ந்து மிக்ஸ் பண்ணு என்று சொல்லமாட்டேன், இருந்தாலும் நம் ஆட்கள் கச்சேரியே தரையில்தானே வாசிக்கிறார்கள், முடிந்தால் செய். இல்லையென்றால் 100க்குக் கீழே உன் காதை நம்பாதே. வாக்ஸெங்கோ ஸ்பான், எந்த அதிர்வெண் எவ்வளவு என்று வரைந்து காட்டும் இலவச ப்ளகின், அதைப் போட்டுக்கொள். நல்ல கச்சேரிப் பதிவு ஒன்றை டிஏடபிள்யூவுக்குள் இழுத்து, உன் மிக்ஸின் சத்த அளவுக்குச் சமமாக வைத்து, 60 முதல் 70 வரை இரண்டும் எப்படி நிற்கின்றன என்று பார். அந்த இடத்தை ஹெட்ஃபோனிலும் ஒருமுறை கேள். லேட்நைட்மிக்ஸ் சொன்னது இந்த ஒரு விஷயத்தில் மிகச் சரி.

லேட்நைட்மிக்ஸ் (வியாழன், இரவு 9.44)

ஒரு விஷயத்திலாவது சரி என்றார்களே, நன்றி.

தெம்பனிஸ்தம்பி (வியாழன், இரவு 10.00)

முட்டை அட்டை மாதிரி கருப்பு ஃபோம் வாங்கி ஒட்டினால் இதெல்லாம் சரியாகிவிடாதா? லசாடாவில் மலிவாக இருக்கிறதே.

சவுண்ட்செல்வி (வியாழன், இரவு 10.15)

ஆகாது. ஒரு அங்குல ஃபோம் மேல் ஸ்தாயியை மட்டும் உறிஞ்சும். அறை மந்தமாகும், பேஸ் அப்படியே இருக்கும், இன்னும் மோசமாகத் தோன்றும். பக்கத்து வீட்டுக்குப் போகிற சத்தத்தையும் அது தடுக்காது, அது வேறு சமாச்சாரம். காசு செலவழிப்பதென்றால் ராக்வூல் (கல் நார்) பலகை, 10 சென்டிமீட்டர் தடிமன், மரச்சட்டம் அடித்து, அரபு ஸ்திரீட்டில் காற்றுப் போகிற துணி வாங்கிப் போர்த்து. இடப்பக்கச் சுவர், வலப்பக்கச் சுவர், தலைக்குப் பின்னால். குரலும் வலந்தலையும் தெளிவாகும். 60 ஹெர்ட்ஸில் அதுவும் பெரிதாக ஒன்றும் கிழிக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பாடகிக்குத் துணி நிறைந்த அலமாரியும் மெத்தையும் ஏற்கனவே இருக்கின்றன. வெறும் அறையை விட அது எவ்வளவோ மேல்.

தொப்பிக்காரன் (வெள்ளி, காலை 8.05)

சரி, அறை புரிந்தது. ஆனால் கேள்வி எதை வாங்குவது என்பதுதானே? என் பக்கத்திலிருந்து: எரிஸ் 3.5ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கெட்ட ஸ்பீக்கர் இல்லை, ஆனால் அவர்களே 80 ஹெர்ட்ஸிலிருந்துதான் கணக்குக் காட்டுகிறார்கள். 65இல் இருக்கிற தொப்பியின் அடி நாதமே அதில் வராது, அதற்கு மேலே உள்ள ஸ்வரங்களை வைத்துக் காது ஊகித்துக்கொள்ளும். குரலும் கிடாரும் மட்டும் என்றால் தாராளமாகப் போதும், கிடாரின் கீழ்த் தந்தியே 82தான்.

பேரம்பேசி (வெள்ளி, காலை 8.40)

அப்படிப் பார்த்தால் எச்எஸ்5 54 வரை போகிறது, 305பி 43 வரை. 305பிதான் ஜெயிக்கிறது, விஷயம் முடிந்தது.

சவுண்ட்செல்வி (வெள்ளி, மதியம் 12.20)

இந்த எண்களை நேராக வைத்து ஒப்பிடக்கூடாது. எச்எஸ்5இன் 54 என்பது சத்தம் 10 டெசிபெல் விழுந்துபோன இடம். 3 டெசிபெல் மட்டும் விழுகிற இடம் 74 என்று யமஹாவே போட்டிருக்கிறது. 305பியின் 43உம் 10 டெசிபெல் கணக்குதான், 3 டெசிபெல் கணக்கில் 49. பட்டியலில் இல்லாத ஆடம் டி5வியின் 45 என்பது 6 டெசிபெல் கணக்கு. சில கம்பெனிகள் எந்தக் கணக்கு என்றே போடுவதில்லை. "இத்தனை ஹெர்ட்ஸ்" என்று மட்டும் பார்த்தால் பக்கத்திலேயே மைனஸ் எவ்வளவு என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

அதனால் இந்த வேலைக்கு, அதாவது தொப்பி 65இல் இருக்கிற வேலைக்கு, என் கை 305பி பக்கம்தான் போகிறது. பேரம்பேசி சரியான பதிலைத் தப்பான வழியில் பிடித்துவிட்டார். எச்எஸ்5 குரலை அக்குவேறு ஆணிவேறாகக் காட்டும், பாடகி தன் பாட்டுகளை மட்டும் மிக்ஸ் செய்வதாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ராக்கிட்டுக்கு முன்பக்கம் போர்ட் (காற்று வெளியேறும் துளை), சுவரை ஒட்டி வைக்க வசதி. எம்ஆர்4 விலைக்கு ஆச்சரியம், 500இல் பாதிகூட ஆகாது, மிச்சத்தில் ஹெட்ஃபோன் வாங்கலாம். நான்கு அங்குலம் நான்கு அங்குலம்தான், அவ்வளவே.

பேரம்பேசி (வெள்ளி, மதியம் 12.31)

ஜெயித்தால் சரி அக்கா.

பாடகி, காரோசெலில் வாங்கினால் நேரில் போய்க் கேட்டுவிட்டு வாங்குங்கள், அஞ்சலில் வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் வாங்கிய ஜோடியா என்று கேளுங்கள். கூம்பைச் சுற்றி இருக்கும் வளையம் ரப்பரா ஃபோமா என்று பாருங்கள், பழைய ஸ்பீக்கரில் ஃபோம் வளையம் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு உதிர்ந்துபோயிருக்கும். போனில் மெதுவாக ஏறும் சைன் ஸ்வீப் ஒன்றை வைத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போடுங்கள். எங்காவது உரசல், கடகடப்பு வந்தால் கிளம்பிவிடுங்கள். ஒன்றும் போடாமல் ஆன் செய்து ட்வீட்டரில் காதை வையுங்கள். மெல்லிய "ஸ்ஸ்" எல்லா மலிவு ஸ்பீக்கரிலும் இருக்கும், ஒன்றில் மட்டும் பெரிதாக இருந்தால் சந்தேகம்.

பின்னால் மின்னழுத்தம் எவ்வளவு என்று படியுங்கள். நமக்கு 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் மட்டும் தாங்கும் பெட்டியை இங்கே செருகினால் அன்றோடு சரி.

புதிதாகத்தான் வேண்டும் என்றால் பெனின்சுலா, எக்செல்சியர் கடைத்தொகுதிகள் பக்கம் இசைக்கருவிக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உள்ளூர் ஏஜென்ட் வாரண்டியா, பேரலல் இறக்குமதியா (ஏஜென்ட் அல்லாதவர் கொண்டுவந்ததா) என்று கேளுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் மலிவு என்று தோன்றினால் 9 சதவீத ஜிஎஸ்டியையும் அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள். ஸ்பீக்கர் கனமான சாமான், பழுதானால் திருப்பி அனுப்புவதற்குள் வெறுத்துப்போகும்.

பழையஹைஃபை (வெள்ளி, மாலை 5.15)

கடையில் கேட்கும்போது ஒரு வார்த்தை. சத்தம் கூட வைத்தால் எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும், காதின் குணம் அது. மெதுவாக வைத்தால் பேஸும் மேல் ஸ்தாயியும் காதுக்குக் குறைந்துவிடும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து எழுதிவிட்டார்கள். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள், விற்பனையாளர் அவருக்குப் பிடித்ததைக் கொஞ்சம் ஏற்றி வைப்பார். உங்களுக்கு மனப்பாடமான பாட்டை எடுத்துப் போங்கள், அவர் போடுகிற டெமோ பாட்டு வேண்டாம்.

சவுண்ட்செல்வி (வெள்ளி, மாலை 5.40)

இதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன் சார்.

பொங்கோல்பாடகி (ஞாயிறு, இரவு 8.20)

தகவல் சொல்லிவிடுகிறேன். முதலில் மேசையை மாற்றினேன். கடன் ஸ்பீக்கரையே சுவர்ப் பக்கம் தள்ளி, காதை 1.2 மீட்டருக்குக் கொண்டுவந்து, நண்பன் பாடிய பழைய மிக்ஸைப் போட்டேன். தொப்பி எவ்வளவு அதிகம் என்று இப்போது ஓரளவு தெரிகிறது. முழுதாக இல்லை, 65 இன்னும் கொஞ்சம் ஒளிகிறது. ஸ்பானில் பார்த்தால் கச்சேரிப் பதிவை விட அந்த இடம் மேடாக நிற்கிறது. 6 டெசிபெல் இறக்கினேன். காரில் போட்டபோது அப்பா, "இப்பத்தான்பா வார்த்தை புரியுது" என்றார்.

அப்புறம் 305பி மார்க் 2 ஜோடி ஒன்று செங்காங்கில் ஒருவரிடம் கிடைத்தது. 340 கேட்டார், 320க்கு முடிந்தது. ஸ்வீப் போட்டுப் பார்த்தேன், வளையம் ரப்பர், 230 வோல்ட் தாங்கும். மிச்சம் 180 இருக்கிறது. எம்40எக்ஸ் வாங்கலாமா, ராக்வூலா? இன்னொன்று, 2ஐ2இலிருந்து ஸ்பீக்கருக்கு எந்த கேபிள்? வீட்டில் கிடார் கேபிள் இரண்டு இருக்கிறது.

சவுண்ட்செல்வி (ஞாயிறு, இரவு 8.55)

கிடார் கேபிள் வேண்டாம், அது அன்பேலன்ஸ்ட். லேப்டாப் சார்ஜர் இரைச்சலெல்லாம் ஸ்பீக்கருக்குள் வரும். இரண்டு பக்கமும் டிஆர்எஸ், முனையில் கருப்பு வளையம் இரண்டு இருக்கவேண்டும். சிம் லிம் டவரில் கிடைக்கும், ஆடம்பர பிராண்ட் ஒன்றும் தேவையில்லை. ஸ்பீக்கர் பின்பக்க வால்யூமை இரண்டிலும் ஒரே எண்ணில் நிறுத்தி, அப்புறம் தொடாதே. இனி எல்லாம் 2ஐ2 குமிழில்தான்.

180க்கு ஹெட்ஃபோன் முதலில். நீ மிக்ஸ் பண்ணுவது இரவில், ராக்வூல் ஸ்பீக்கர் போடுகிற பகலில்தான் உதவும்.

லேட்நைட்மிக்ஸ் (ஞாயிறு, இரவு 8.58)

இரண்டாவது விஷயத்திலும் சரி.

தொப்பிக்காரன் (ஞாயிறு, இரவு 9.20)

தங்கச்சி, 6 டெசிபெல்லை ஒரே இடத்தில் இறக்கினால் கும்கி செத்துவிடும், தொப்பி நாதம் மேலே ஏறி இறங்கும் இடம் அதுதான். 65இல் குறுகலாக 3 இறக்கிவிட்டு, மிச்சத்துக்கு தொப்பி மைக்கை வாத்தியத்திலிருந்து இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்து மறுபடி பதிவு செய்யச் சொல்லுங்கள். ரொம்ப ஒட்டி வைத்தால் டைரக்ஷனல் மைக் (ஒரு பக்கத்து ஒலியை மட்டும் கூர்மையாக எடுப்பது) பெரும்பாலும் பேஸைத் தானாக ஏற்றிவிடும். இரண்டு ஃபைலையும் அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன்.